40 ஜிகாபிட் போர்ட் 50,000 ரூபாய் லேப்டாப்புக்கு எப்போது வரும்? காத்திருக்கலாமா, இப்போதே வாங்கிவிடலாமா?

குடந்தை ஸ்டூடியோ:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கும்பாபிஷேகம், எது வந்தாலும் எடுப்பேன். தலைவலி எல்லாம் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரிதான். வரவேற்பு முடிந்து கடைசிப் பந்தி எழுந்திருக்கவே பத்தரை ஆகிவிடும், மறுநாள் நாலரை ஆறு முகூர்த்தம், அந்த இடைவெளிக்குள் நான்கு 128 ஜிபி கார்டையும் லேப்டாப்பில் இறக்கி, அதையே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இன்னொரு காப்பி போட்டு, கார்டைக் காலி செய்து பையன்கள் கையில் கொடுக்க வேண்டும். ஒரு கார்டு இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். மண்டபத்தில் ஜமக்காளத்தின் மேல் உட்கார்ந்து அந்தப் பச்சைக் கோடு நகருவதையே பார்த்துக்கொண்டு எத்தனை ராத்திரி போயிருக்கிறது என்று கணக்கே இல்லை.

போன மாசியில் ஒரு முகூர்த்தத்தில் இதெல்லாம் முடியவே இல்லை. இரண்டாவது கேமராவில் மிச்சமிருந்த ஆறு ஜிபியை நம்பித் தாலி கட்டுவதை எடுத்தோம். கெட்டி மேளம் நிற்பதற்குள் கார்டு நிறைந்துவிட்டது. முதல் கேமராவில் இருந்ததால் பிழைத்தேன், பெண் வீட்டாருக்கு இன்னும் தெரியாது.

என்னுடையது 2017 லேப்டாப், உள்ளே எஸ்எஸ்டி போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஐம்பதாயிரம் வரை புரட்ட முடியும். கடையில் கேட்டால் “சார், இதில் யூஎஸ்பி 3.2 இருக்கிறது, இதற்கு மேல் வேகமே கிடையாது” என்கிறார்கள். மேக்புக் வைத்திருக்கும் நண்பர் தன்னுடையதில் 40 ஜிகாபிட் என்கிறார். இணையத்தில் பார்த்தால் 80, 120 என்று போய்க்கொண்டே இருக்கிறது. என் கேள்வி இதுதான்: இந்த 40 ஜிகாபிட் போர்ட் சாதாரண லேப்டாப்புக்கு எப்போது வரும்? ஒரு வருடம் பொறுத்தால் வருமா? வரும் என்றால் ஆவணி சீசனைப் பழையதை வைத்தே சமாளித்துவிடுவேன்.

மன்னை சர்வீஸ்:

தம்பி, லேப்டாப் கிடக்கட்டும். இரண்டு விஷயம் சொல்லுங்கள். காப்பி ஆகும்போது அந்தச் சின்ன ஜன்னலில் நொடிக்கு எத்தனை எம்பி என்று காட்டுகிறது? கார்டு ரீடரை எந்த போர்ட்டில் செருகுகிறீர்கள், உள்ளே நாக்கு கறுப்பா நீலமா?

குடந்தை ஸ்டூடியோ:

38 காட்டும் அண்ணே, எப்போதாவது 40. ரீடர் கறுப்பில்தான். ஹார்ட் டிஸ்கும் கறுப்பு. நீலம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதில் வயர்லெஸ் மவுஸின் டாங்கிள் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது.

மன்னை சர்வீஸ்:

அப்படிச் சொல்லுங்கள். மவுஸுக்கு ராஜபாட்டை, கார்டுக்கு ஒற்றையடிப் பாதை.

38 என்று பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், அது யூஎஸ்பி 2. அந்தத் தரம் 2000-ஆம் ஆண்டு வந்தது, 480 மெகாபிட். பெட்டியில் போட்டிருப்பது எல்லாம் பிட் கணக்கு, ஜன்னலில் காட்டுவது பைட் கணக்கு, எட்டால் வகுத்தால் 60 எம்பி. அதிலும் இரண்டு பக்கமும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சுவார்த்தைக்கே ஒரு பங்கு போய்விடும், கைக்கு வருவது 35, 40தான். 128 ஜிபியை 38-ஆல் வகுத்துப் பாருங்கள், ஐம்பத்தாறு நிமிடம். நீங்கள் சொன்ன ஒரு மணி நேரம் அதுதான். இதற்கு 40 ஜிகாபிட் லேப்டாப்பே வாங்கினாலும் ரீடர் பழைய யூஎஸ்பி 2 ரீடராக இருந்தால் அதே 38தான் வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீல நாக்கு 5 ஜிகாபிட். ஹார்ட் டிஸ்க் அதில் போட்டால் 100, 120 எம்பி வரும். அதற்கு மேல் அந்தச் சுழலும் தட்டால் முடியாது, போர்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கார்டும் அப்படித்தான். உங்கள் கார்டின் முகத்தில் ரோமன் எழுத்தில் ஒன்று போட்டிருக்கிறதா, இரண்டு போட்டிருக்கிறதா பாருங்கள். ஒன்று என்றால் அதன் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பி, நடைமுறையில் 90. இரண்டு என்றால் பின்பக்கம் இன்னொரு வரிசை உலோகப் பின்கள் இருக்கும், அது 312 வரை போகும், ஆனால் ரீடருக்கும் அந்த இரண்டாம் வரிசை இருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் 5 ஜிகாபிட் போர்ட்டே உங்கள் கார்டுக்குத் தாராளம்.

மவுஸ் டாங்கிளை நீலத்தில் வைப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும், வயர்லெஸ் மவுஸ் பேசுவதும் அந்த அலைவரிசையில்தான். இன்டெல்லே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க் போட்டதும் மவுஸ் திக்குகிறது என்று மாதம் ஒருவராவது என் கடைக்கு வருவார், டாங்கிளைத் தள்ளிச் செருகினால் சரியாகிவிடும், காசு வாங்கவே கூச்சமாக இருக்கும்.

சரி, கடைக்காரர் சொன்ன 3.2 கதைக்கு வருகிறேன். 2008-இல் யூஎஸ்பி 3.0 என்று வந்ததற்கே பிற்பாடு 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றினார்கள், அப்புறம் 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் ஒரே 5 ஜிகாபிட், ஒரே ஆளுக்கு மூன்று ரேஷன் கார்டு. அதனால் அவர் 3.2 என்று சொன்னது பொய்யில்லை, ஆனால் உங்கள் பழைய லேப்டாப்பில் இருக்கும் அதே நீலத்தைத்தான் புதிதாக விற்கப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். எண்ணைக் கேட்காதீர்கள், எத்தனை ஜிகாபிட் என்று மட்டும் கேளுங்கள். யூஎஸ்பி தரத்தை எழுதும் கம்பெனிகளின் சங்கமே இப்போது பெட்டியில் வேகத்தை அச்சிடுங்கள் என்றுதான் சொல்கிறது.

கடைமடை, பேராவூரணி பக்கம்:

எப்போது வரும் என்று கேட்டீர்களே, எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மேட்டூரை ஜூன் 12 திறந்தார்கள் என்று டிவியில் பூத்தூவிக் காட்டுவார்கள், நாங்கள் கல்லணைக் கால்வாயின் வாலில் உட்கார்ந்துகொண்டு மடையைப் பார்த்துக்கொண்டிருப்போம். யூஎஸ்பி கதையும் அதே. 3.0 வெளியானது நவம்பர் 2008. அது தனிச் சிப்பாக இல்லாமல், போர்டின் முக்கியச் சிப்பான சிப்செட்டுக்குள்ளேயே வந்தது ஏஎம்டியில் 2011, இன்டெலில் 2012. அதுவரை விலை கூடின போர்டில்தான் நீலம். அதற்கு அப்புறமும் எத்தனை வருடம், இன்றைக்கும் மலிவான லேப்டாப்பில் ஒரு கறுப்பு நாக்கு மிச்சம் இருக்கிறது.

40 ஜிகாபிட்டும் புதிதில்லை. 2015-லேயே இன்டெலின் தண்டர்போல்ட் 3 என்ற பெயரில் டைப் சி வடிவத்தில் வந்துவிட்டது. 2019-இல் இன்டெல் அந்த நெறிமுறையை யூஎஸ்பி சங்கத்துக்கே கொடுத்தது, அதை வைத்துத்தான் அந்த வருடமே யூஎஸ்பி4 எழுதினார்கள். பத்து வருடம் தாண்டியும் நம் பட்ஜெட்டுக்கு வந்து சேரவில்லை. ஆகவே ஒரு வருடம் பொறுத்தால் வருமா என்று கேட்டால், வராது என்று சொல்வேன். காத்திருந்து நாற்றங்காலைக் காய விடாதீர்கள்.

பாபநாசம் டிடிபி அக்கா:

எல்லோரும் பெரிய பெரிய எண்ணாகப் பேசுகிறீர்கள், எங்கள் கடை நிலவரத்தையும் கேளுங்கள். பத்திரிகை அடிக்க, ஃபிளெக்ஸ் டிசைனுக்கு என்று வருகிற ஆட்கள் கொண்டுவரும் பென்டிரைவ் நீலத்தில் போட்டாலும் எழுதும் வேகம் பத்து எம்பி, பதினைந்து எம்பி. மேலே 3.0 என்று பெரிதாக எழுதியிருக்கும். படிக்கும்போது ஓடும், எழுதும்போது நொண்டும், உள்ளே இருக்கும் சிப் அவ்வளவுதான். போன வாரம் ஒருவர் ஐந்து ஜிபி வீடியோ ஏறவில்லை, உங்கள் கம்ப்யூட்டர் சரியில்லை என்று சண்டைக்கே வந்துவிட்டார். பென்டிரைவ் ஃபேட் 32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்து கொடுத்ததும் போய்விட்டார், நன்றி கூடச் சொல்லவில்லை. எனக்குப் புது போர்ட் எதுவும் வேண்டாம், இருக்கிற போர்ட் ஆடாமல் இருந்தால் போதும்.

திருவாரூர்க்காரன், இப்போது பெங்களூரு:

போர்டு டிசைன் வேலையில் இருக்கிறேன், அதனால் கடைமடை அண்ணன் சொன்ன உவமையில் ஒரு திருத்தம். மேட்டூர்த் தண்ணீர் மெதுவாக வந்தாலும் தானாக வந்து சேரும். போர்ட் தானாக இறங்கி வராது. அது ப்ராசஸருக்கோ சிப்செட்டுக்கோ உள்ளே சேருகிற வரைக்கும் விலை கூடின மாடலோடு நின்றுவிடும், சேர்ந்த பிறகுதான் கீழே வர ஆரம்பிக்கும். நீங்கள் சொன்ன 2011, 2012 கணக்கும் அதைத்தான் காட்டுகிறது.

40 ஜிகாபிட் சிப்புக்குள் சேருவது ஓரளவுக்கு முடிந்துவிட்டது. இன்டெல் 2019-இல் லேப்டாப் ப்ராசஸருக்குள்ளேயே தண்டர்போல்ட் 3-ஐ வைத்தது, ஏஎம்டி 2022-இல் ரைசன் 6000 வரிசையில் யூஎஸ்பி4-ஐக் கொண்டுவந்தது, ஆப்பிள் 2020-இல் எம்1 மேக்புக் ஏரிலேயே கொடுத்துவிட்டது. அப்படியும் ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் ஏன் இல்லை என்றால், சிப்புக்குள் வசதி இருந்தாலும் அதை வெளியே கொண்டுவரச் செலவு இருக்கிறது. ஒரு திசைக்கு 20, 20 ஆக இரண்டு பாதை, அந்த வேகத்தில் போர்டில் இருக்கும் செம்புக் கோட்டில் சில அங்குலம் போவதற்குள் சிக்னல் தேய்ந்துவிடும். அதனால் ப்ராசஸர் ஒரு பக்கமும் போர்ட் ஒரு பக்கமும் இருந்தால் நடுவில் சிக்னலைச் சுத்தம் செய்து மறுபடி அனுப்ப ரீடைமர் என்று ஒரு சிப் போட வேண்டும், ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒன்று. போர்டும் கொஞ்சம் நல்ல ரகமாக வேண்டும். இதற்கு ஆகும் காசை வேறு எங்காவது குறைக்க வேண்டும் என்றால் ராமில் கை வைப்பார்களா? கடைக்கு வருகிறவர் ராம் எத்தனை, எஸ்எஸ்டி எத்தனை, ஐ5-ஆ என்றுதான் கேட்கிறார். போர்ட் வேகம் கேட்டு லேப்டாப் வாங்கிய ஒருவரை நான் என் சொந்தக்காரர்களில் இதுவரை பார்க்கவில்லை, என் தம்பி உட்பட.

என் ஊகம் கேட்டால்: 10 ஜிகாபிட் டைப் சி இப்போதே உங்கள் விலையில் தேடினால் கிடைக்கும். 40 ஜிகாபிட் அதற்கு அடுத்த விலையில் இருக்கிறது, ஐம்பதாயிரத்துக்கு இறங்க இன்னும் இரண்டு மூன்று வருடம். 80 ஜிகாபிட் தரம் அக்டோபர் 2022-இல் எழுதப்பட்டது, தண்டர்போல்ட் 5 அதற்கு அடுத்த வருடம் அறிவிக்கப்பட்டது. 2024 கடைசியில் ஆப்பிள் எம்4 ப்ரோ மாடல்களில் வந்தது, விண்டோஸ் பக்கம் விலை உயர்ந்த கேமிங் லேப்டாப்புகளில் தனிச் சிப்பாக வந்தது. 120 என்று நீங்கள் பார்த்தது ஒரு திசையில் மட்டும், பெரிய மானிட்டருக்குப் படம் அனுப்புவதற்காக மூன்று பாதையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்கிறது. கல்யாண வீடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த 80, 120 எல்லாம் சாதாரண லேப்டாப்புக்கு வர 2030 ஆனாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வாங்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறாதீர்கள். யூஎஸ்பி4 என்று எழுதியிருந்தாலே 40 என்று அர்த்தமில்லை, அந்தத் தரம் 20-ஐயும் அனுமதிக்கிறது, 40 என்ற எண்ணையே தேடுங்கள். இன்னொன்று 20 ஜிகாபிட் என்று விற்கிற எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டிகள். அவை 3.2 ஜென் 2 பெருக்கல் 2 என்ற தனி ரகம், 40 ஜிகாபிட் போர்ட் பலவற்றில் அந்த ரகத்துக்கு இடமே கிடையாது, செருகினால் 10-க்கு இறங்கிவிடும். மேக்குக்கும் இது பொருந்தும், உங்கள் நண்பரிடம் சொல்லிவையுங்கள்.

கடைமடை, பேராவூரணி பக்கம்:

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. ஆனால் தண்ணீர் தானாக வந்து சேரும் என்று திருவாரூர்க்காரர் சொல்லலாம், தூர்வாராத வாய்க்காலைப் பார்த்த நாங்கள் சொல்ல மாட்டோம்.

குடந்தை ஸ்டூடியோ:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், நடுவில் இரண்டு கல்யாணம்.

மன்னை அண்ணன் சொன்னபடி டாங்கிளைப் பிடுங்கிக் கறுப்பில் போட்டேன். பழைய ரீடரை நீலத்தில் செருகினால் மறுபடி அதே 38. கூர்ந்து பார்த்தால் ரீடரின் நாக்கும் கறுப்பு, எட்டு வருடத்துக்கு முன் அவசரத்துக்கு வாங்கியது. புது ரீடர் வாங்கினேன், நான் வாங்க நினைத்த லேப்டாப் விலையில் இருபதில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. என் கார்டு எல்லாம் ரோமன் ஒன்று. இப்போது 88, 90 காட்டுகிறது, ஒரு கார்டுக்கு இருபத்து நான்கு நிமிடம். நேற்று பன்னிரண்டேகாலுக்கே நான்கு கார்டும் இறங்கிவிட்டன, என்ன செய்வதென்று தெரியாமல் சமையல்கட்டில் போய் சமையல்காரருடன் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சிக்கல் வேறு. நீலம் ஒன்றுதான். ரீடரும் ஹார்ட் டிஸ்கும் அதற்குச் சண்டை போடுகின்றன. கார்டு எல்லாம் இறங்கிய பிறகு ஹார்ட் டிஸ்கை அதே போர்ட்டில் மாற்றிப் போட்டால் இன்னும் ஒன்றேகால் மணி நேரம் கூடுகிறது. ஹப் போட்டால் வேகம் பாதியாகிவிடும் என்று பையன் ஒருவன் சொல்கிறான், உண்மையா? அப்புறம் ஸ்டூடியோவில் டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட் நீலம்தான், ஆனால் அதிலும் 38. இதற்கு என்ன காரணம்?

திருவாரூர்க்காரன், இப்போது பெங்களூரு:

ஹப் முறைப்பாசனம் மாதிரி. தலைவாய்க்காலில் வருவதைத்தான் பங்கு போடும். நீல போர்ட்டில் கைக்கு 400 எம்பி வரைக்கும் வரும், உங்கள் கார்டு 90, ஹார்ட் டிஸ்க் 110, இரண்டும் சேர்ந்தாலே 200தான், பங்குச் சண்டை வராது. ஹப் மட்டும் 5 ஜிகாபிட்டாக இருக்க வேண்டும், தனி மின்சாரம் எடுக்கும் வகையாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க் நடுவில் அணைந்து அணைந்து எழும், முகூர்த்த ராத்திரியில் அது வேண்டாம். ஒரு கார்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதே முந்தின கார்டை ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொண்டு போகலாம், அந்த ஒன்றேகால் மணி நேரமும் முக்கால்வாசி மறைந்துவிடும்.

பட்ஜெட் ஐம்பதாயிரம் அப்படியே இருக்கிறது என்றால் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியும் (வேகமான ரக எஸ்எஸ்டி) அதை உள்ளே வைத்து யூஎஸ்பியில் செருக 10 ஜிகாபிட் பெட்டியும் யோசியுங்கள். விலை குறைந்தவை சில, முதல் சில பத்து ஜிபி வரை பறந்துவிட்டு உள்ளே இருக்கும் கேஷ் என்ற வேகமான தற்காலிக இடம் நிறைந்ததும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடும். 500 ஜிபியை ஒரே மூச்சில் எழுதிப் பார்த்தவர்களின் சோதனையைப் படித்துவிட்டு வாங்குங்கள். கேபிளும் முக்கியம், போன் சார்ஜரோடு வரும் சி டு சி கேபிள் பலவற்றில் உள்ளே யூஎஸ்பி 2 கம்பிதான் இருக்கும்.

மன்னை சர்வீஸ்:

டெஸ்க்டாப் விஷயம் நான் சொல்கிறேன். கேபினட்டைத் திறந்து முன்பக்கத்திலிருந்து வரும் அந்தத் தடித்த நீல வயர் போர்டில் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். 19 பின் உள்ள பெரிய சாக்கெட்டில் இருக்க வேண்டும். அசெம்பிள் செய்தவர் போர்டில் அது இல்லாமலோ, கை எட்டாமலோ ஒரு கன்வெர்ட்டர் வைத்து 9 பின் சாக்கெட்டில் மாட்டியிருப்பார். வெளியே நாக்கு நீலம், உள்ளே ஓடுவது யூஎஸ்பி 2. இந்த வேலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாக்கெட் இருந்தால் மாற்றி மாட்டுங்கள், அந்தப் பின்கள் லேசில் வளையும், நேராக வைத்து அழுத்துங்கள். இல்லையென்றால் பின்பக்க நீலத்திலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் இழுத்து மேசையில் ஒட்டிவிடுங்கள்.

சரியாக மாட்டியும் 38 என்றால் பிளக்கைக் கழற்றி ஒரே தள்ளாகச் செருகிப் பாருங்கள். மெதுவாக நுழைத்தால் முன்னால் இருக்கும் பழைய யூஎஸ்பி 2-இன் நான்கு பின்கள் மட்டும் முதலில் தொட்டு, சில கம்ப்யூட்டர் அதை யூஎஸ்பி 2 என்றே எடுத்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழையில் பின் பச்சைபிடித்தாலும் இதே கோளாறு வரும், அதற்குக் கான்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டும். சானிடைசர் ஊற்றிக்கொண்டு வந்த ஒரு லேப்டாப் இப்போதும் என் மேசையில்தான் இருக்கிறது.